அக்கா போட்ட கிராப்

நானும் அக்காவும் ஒரே வகுப்பில் படித்தோம். அவள் என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். ஆறாவது படிக்கும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு வருஷம் வீணாகிவிட்டது. மறு வருஷம் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே சைக்கிள். அவள்தான் மிதிப்பாள். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொள்வேன். குருவிநத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் கரும்பு. எதிரே லோடு வண்டி வந்தால் இறங்கி ஓரமாக நின்று வழி விடுவோம். வண்டி போனதும் அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு, கீழே விழுந்த கரும்பைப் பொறுக்கி வந்து எனக்குப் பாதி உடைத்துக் கொடுப்பாள்.

தங்கையோடு ஒரே வகுப்பில் இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் அப்படிக் காட்டிக்கொண்டதில்லை. த்ரோபாலில் அவள்தான் கேப்டன். தமிழில் முதல் மார்க் வாங்குவாள். சமூக அறிவியலில் நான் மறந்த ஆண்டுகளையெல்லாம் அவள் சொல்லுவாள். யாராவது எங்களைப் பார்த்து, "இன்னாடி, அக்காவும் தங்கச்சியும் ஒண்ணாவே படிக்கிறீங்க?" என்று கேட்டால், "எனக்கு இவள வுட்டுட்டு முன்ன போவ மனசு வரல" என்று சிரிப்பாள்.

எனக்கு வந்தது கணக்கு ஒன்றுதான். ஆனால் அது நன்றாக வந்தது. பத்தாம் வகுப்பில் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும். மற்ற பெண்கள் அம்புக்குறிப் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது எனக்கு அது தண்ணீர் குடிப்பது போல இருந்தது. இந்தப் பக்கம் ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்தப் பக்கம் ஒரே ஒரு விடைதான் வர வேண்டும். இரண்டு வந்தால் அது சார்பு இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. வீட்டில், வயலில், ஊரில் எதற்கும் இப்படி ஒரே பதில் இருந்ததாக நினைவில்லை.

அக்காவுக்கு அங்கேயே தடுமாற்றம் தொடங்கிவிட்டது.

"எக்ஸ்னா இன்னாடி பாப்பா? காலைல ரெண்டுன்னாங்க. இப்ப மைனஸ் மூணுன்றாங்க."

"அது மாறும்க்கா. நாம எது வேணா போடலாம்."

"நாம போடறதுன்னா அப்புறம் ஏன் அத கண்டுபுடிக்கச் சொல்றாங்க?"

இப்போது யோசித்தால் நல்ல கேள்வி. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை என்பதைக்கூட நான் உணரவில்லை. "உனக்குப் புரியாது, வுடு" என்றேன். அவளும் விட்டுவிட்டாள்.

எங்கள் கணக்கு டீச்சர் நல்லவர். பின்தங்கிய பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எதுவும் வரலன்னாலும் பரவாயில்ல. ஜியாமெட்ரி எட்டு மார்க்கு, கிராப் எட்டு மார்க்கு. ரெண்டையும் ஒழுங்கா போட்டுட்டு, சின்னக் கணக்கு நாலஞ்சு எழுதினா பாஸ்" என்று தெம்பு கொடுப்பார். அக்கா ஜியாமெட்ரியைக் கற்றுக்கொண்டாள். அவள் கவராயத்தைப் பிடித்தால் கோடு பிசிறில்லாமல் விழும். கிராப்தான் சறுக்கியது. அட்டவணை சரியாக இருக்கும். எக்ஸுக்குக் கீழே ஒய்யின் மதிப்பெல்லாம் சரியாகவே போட்டிருப்பாள். ஆனால் வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைத்ததும் அந்த வளைவு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கிண்ணம் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டியது, கவிழ்ந்த பால் குவளை மாதிரி வலது பக்கம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

ஒருநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தோம். அவள் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எனக்கு மட்டும் ஏண்டி சாஞ்சி சாஞ்சி வருது?"

நான் பார்த்தேன். எழுதுவதை நிறுத்தாமலே, "தலைய சாச்சிப் பாரு, நேரா தெரியும்" என்றேன்.

அவள் உண்மையாகவே தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு வகுப்பில் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். இருபடிச் சமன்பாட்டுக்கு வரைபடம் வரைய வேண்டும். டீச்சருக்கு வேறு வேலையும் இருந்ததால் தாள்களை எனக்குக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். சிவப்புப் பேனாவைக் கையில் வாங்கியபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. மறுநாள் வகுப்பில் என்னையே முன்னால் கூப்பிட்டார்.

"குத்துக்கோட்டுச் சோதனைய இன்னொரு தடவ எல்லாருக்கும் சொல்லிக் காட்டு. நம்ம பசங்க போட்டதுலயே ஒண்ண எடுத்துக்கோ. பேர மடிச்சிடு, யாருதுன்னு தெரிய வேணாம்."

நான் கட்டைப் புரட்டினேன். அக்காவின் தாள் வந்தது. நிமிர்ந்து நிற்க வேண்டிய வளைவு முழுசாகச் சாய்ந்து கிடந்தது. சோதனையில் தேறாத ஒன்றைக் காட்ட வேண்டுமானால் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். அது அவளுடைய தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நிமிஷத்தில் அவள் எனக்கு அக்காவாகத் தெரியவில்லை. ஒரு நல்ல உதாரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. மேல் ஓரத்தை மடித்துவிட்டுத் தாளைத் தூக்கிப் பிடித்தேன்.

ஸ்கேலை நெட்டுக்குத்தலாக அதன் மேல் வைத்தேன். "எக்ஸ் மூணுல வெக்கிறன் பாருங்க. கீழ சைபர்ல ஒரு எடத்துல வெட்டுது, மேல நாலுல ஒரு எடத்துல வெட்டுது. ஒரு எக்ஸுக்கு ரெண்டு ஒய். அதனால இது சார்பே இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கேட்டது கிராப், இவங்க போட்டது மாட்டுக் கொம்பு" என்று சேர்த்துக்கொண்டேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டினார். யாரோ, "யாருதுடி அது?" என்று கேட்க, எல்லோரும் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தத் தேர்விலும் தேறாத பெண் அவள். அவள் முகம் சுருங்கி, "என்து இல்ல, சத்தியமா என்து இல்ல" என்று அழப் பார்த்தாள்.

அப்போது அக்கா எழுந்தாள்.

"அது என்து டீச்சர்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வகுப்பின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. டீச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லம்மா, உக்காரு. அடுத்த வாட்டி சரியா போட்டுடுவ" என்றார். நான் தாளை மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். என் இடம் அவள் பக்கத்தில்தான். அவள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.

சாயங்காலம் வழக்கம்போல அவள் மிதித்தாள், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில், "பசிக்குதா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சனி, ஞாயிறு போய்த் திங்கட்கிழமை அக்கா வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் எங்களுக்குக் கரும்பு வெட்டு. ஆட்களுக்குச் சோறு ஆக்க அம்மாவுக்குத் துணை வேண்டும் என்றாள். வெட்டு முடிந்தது. அரையாண்டுத் தேர்வு தொடங்கியது. அவள் யூனிபார்மைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அம்மா சத்தம் போட்டார். "பத்தாவது கூட முடிக்காம யார் வூட்டுக்குடி போவ நீ?" அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "மேத்ஸ் ஒண்ணுதான வரல. மத்ததெல்லாம் வருதே" என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை டீச்சரே ஸ்கூட்டியில் வீடு தேடி வந்தார். அக்கா அவருக்கு மோர் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

"கிராப் போட்டாலே பாஸுன்னு சொல்றீங்க டீச்சர். அந்தக் கிராப்தான் எனக்கு வுழுந்து வுழுந்து வருது."

"நான் தனியா சொல்லித் தர்றன், வா."

"வர்றன் டீச்சர்" என்றாள். போகவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், எதுவும் செய்யவில்லை. வெட்கமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெஞ்சில் அவள் இல்லாதது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் அந்தத் தாள் நினைவுக்கு வரும். அவள் இல்லாதபோது நான் நன்றாகப் படித்தேன்.

தை பிறந்ததும் அவள் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் மெயின் ரோட்டுக்கு வேன் வரும். நான் தனியாகச் சைக்கிள் மிதிக்கக் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

பங்குனியில் பரீட்சைக்கு உட்காரத் தயாராக இருந்தோம். கொரோனா வந்தது. எல்லாம் மூடினார்கள். தேர்வைத் தள்ளி வைத்தார்கள், மறுபடியும் தள்ளினார்கள். அவளுடைய கம்பெனியும் மூடியது. நாங்கள் நாலு பேரும் வீட்டிலேயே இருந்தோம். அப்படி ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் செய்தி ஓடியது. பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து. காலாண்டு, அரையாண்டு மார்க்கை வைத்து எல்லோரும் தேர்ச்சி.

அப்பா என் தலையில் கை வைத்தார். அம்மா உடனே சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அக்கா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாருமே எழுதலியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"எல்லாருமே பாஸா?"

"ஆமா."

"கிராப்கூட போட வேணாமா?"

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். அவள் மறுபடி மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணும் பாஸாயிட்டாளாடி?" என்று கேட்டாள். "ஆயிட்டா" என்றேன். "நல்லதுதான், பாவம்" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்து மார்க் பட்டியல் வாங்கப் போனபோது அப்பாவும் வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, தலைமையாசிரியையிடம் பெரிய மகளைப் பற்றிக் கேட்டார். அவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

"அரையாண்டு எழுதியிருந்தாகூட ஏதாவது கேட்டுப் பாக்கலாம் ஐயா. பேரையே எடுத்தாச்சு. தனித்தேர்வு எழுதச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது அப்பா வண்டியை ஆற்றங்கரை ஓரம் நிறுத்திவிட்டு இறங்கிப் போய் நின்றார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் கிடந்தது. "ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இருந்திருந்தா" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மணலை. ஆனால் எனக்கு அது என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது.

அந்த வாரமே நான் அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். அவளுக்கு இஷ்டமில்லை. கம்பெனி திறக்கும் வரைக்கும்தானே, பொழுது போகும் என்று சம்மதித்தாள். பழைய கணக்கையே கொடுத்தேன். அட்டவணை போட்டாள். எல்லாம் சரி. வரைபடத்தாளை எடுத்தாள். முதல் புள்ளி வைக்கப் போனாள். எக்ஸ் மைனஸ் ஒன்று, ஒய் எட்டு. அவள் பென்சில் நடுவிலிருந்து ஒரு கட்டம் கீழே இறங்கியது. பிறகு வலது பக்கம் எட்டுக் கட்டம் போனது.

"ஏன்க்கா கீழ போற?"

அந்தக் கேள்வியை அவளிடம் நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"மைனஸ் ஒண்ணுதான? மைனஸ்னா கீழ."

"அது எக்ஸ். எக்ஸ்னா பக்கத்துலதான போவணும்? நீயே இங்க எக்ஸ்னு எழுதியிருக்கியே பாரு" என்று படுக்கைக் கோட்டின் ஓரத்தைக் காட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள், அட்டவணையைப் பார்த்தாள். "அது பெரிய எக்ஸ்" என்றாள்.

"அதுக்கு?"

"இது சின்ன எக்ஸ். அது வேற, இது வேற இல்லியா? அது கோட்டோட பேருன்னு நெனைச்சன். டேபிள்ல சின்ன எக்ஸு மேல் வரிசைல இருக்குது. அதான் அத மேல கீழ எண்ணிக்கினன். ஒய்ய பக்கத்துல எண்ணிக்கினன்."

இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "ஒம்பதாவதுல இத நடத்தினாங்களேக்கா. புள்ளி எப்டி வெக்கறதுன்னு, ஒரு மாசம் பூரா."

"எந்த மாசம்?"

யோசித்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "அப்பதான அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரில இருந்தன்."

எனக்கு நினைவு வந்தது. அம்மாவோடு இருக்க ஒருத்தி வேண்டும் என்றபோது நானும் வருகிறேன் என்று அழுதேன். "ரெண்டு பேரும் எதுக்குடி லீவு போடணும்? நீ போயி படி, நான் பாத்துக்கறன்" என்று அக்காதான் என்னை அனுப்பி வைத்தாள். அந்த மாதம் நான் புள்ளி வைக்கக் கற்றேன். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது பாடம் தாண்டிப் போயிருந்தது. என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். நோட்டில் படம் இருந்தது. பென்சில் முதலில் எந்தப் பக்கம் போனது என்பது படத்தில் தெரியாது.

"முதல்ல பக்கத்துல போ. அப்புறம் மேல போ" என்றேன்.

அவள் இடது பக்கம் ஒரு கட்டம் போய், மேலே எட்டுக் கட்டம் ஏறிப் புள்ளி வைத்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. ஏழு புள்ளி. கையை எடுக்காமல் இணைத்தாள். வளைவு கீழே இறங்கி, கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் போய்த் திரும்பி மேலே ஏறியது. அவ்வளவு அழகான பரவளையத்தை நான் போட்டதில்லை.

அக்கா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்ளோதானாடி?"

"இவ்ளோதான்க்கா."

"இதுக்கா நான் நின்னன்?"

பிறகு அழுதாள். அவளுக்கு வலி தாங்கும் உடம்பு. விழுந்து முட்டி கிழிந்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று தாளை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், வாயைத் திறந்தபடி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாள் உன்னுடையது என்று தெரிந்துதான் எடுத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தனித்தேர்வுக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. "இன்னொரு தடவ போயி அந்த பெஞ்சுல உக்கார முடியாது" என்றாள். கம்பெனி திறந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து அவளை மடுகரையில் கட்டிக்கொடுத்தோம். மாமா சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறார். நல்ல மனிதர். போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது.

நான் கணக்கில் டிகிரி முடித்து இப்போது பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்காக வில்லியனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாடம் எடுக்கப் போற?"

"சார்பு."

ஒரு ஜட்டியை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இப்போதும் சொல்லாவிட்டால் இனி சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கி கிளாஸ்ல தூக்கிக் காட்னனே, அது உன் பேப்பர்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். என் கையெழுத்து உனக்குத் தெரியாதா?"

"எப்போலருந்து?"

"அப்பவே."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேட்டா நீ தெரியாதுன்னுதான் சொல்லியிருப்ப. நீ என்கிட்ட பொய் சொல்றத நான் பாக்கணுமா?"

பரவாயில்லை விடு என்று சொல்லுவாள் என எதிர்பார்த்து நான் காத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து எதைச் செய்தாலும் அவள் அதைத்தான் சொல்லுவாள். இந்த முறை சொல்லவில்லை. குழந்தை சிணுங்கியது. எழுந்து போய்த் தூக்கிக்கொண்டாள். "சாப்ட்டுட்டுப் போ. கொழம்பு இருக்குது" என்றாள். சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். அம்மாவின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் சரியாகவே நடந்தது. என்னைப் பாப்பா என்று மட்டும் அவள் கூப்பிடவில்லை.

பஸ்ஸுக்கு மாமா பைக்கில் கொண்டுபோய் விட்டார். வழியில் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"உங்க அக்காவுக்குக் கணக்குன்னா அப்படி வருதும்மா. எத்தினி மணி நேரம் உழவு ஓட்டினா எவ்ளோ டீசல் ஆவும்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு ஒட்டி வெச்சிருக்குறா. நான் அதப் பாத்துதான் டீசல் போடறன். இவ்ளோ மூள இருக்குறவ பத்தாவதோட ஏன் நின்னான்னு கேட்டா சிரிக்கிறாளே ஒழிய சொல்ல மாட்டன்றா. உனக்காச்சும் தெரியுமா?"

பஸ் வந்துகொண்டிருந்தது. நான் பைக்கிலிருந்து இறங்கினேன்.

"தெரியல மாமா" என்றேன்.